கடைசி ரிங்லிங்

அமெரிக்காவின் ரிங்லிங் சகோதரர்கள் சர்க்கஸ் 2017 மே மாதத்தில் மூடப்பட்டது என்ற செய்தியைப் படித்தபோது, அதற்காக மகிழ்வதா, வருந்துவதா என்று எனக்குத் தெளிவில்லாமல் இருந்தது. ஓராண்டுக்கு முன்பே, பல ஆண்டுக்கால எதிர்ப்புகளுக்குப் பிறகு, யானைகளுக்கு ஓய்வு அளித்திருந்தார்கள். யானைகள் போனதும் கூட்டமும் குறைந்துபோனது. 2023இல் அதே பெயரில் விலங்குகளே இல்லாத சர்க்கஸாக அது மீண்டும் தொடங்கியது.

இது இந்தத் தலைமுறையின் மனசாட்சி பெற்ற வெற்றி என்று அப்போது பலரும் எழுதினார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். பின்னர் அந்தக் குடும்பத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான், இதே கேள்வி 1925லேயே அந்தக் கூடாரத்துக்குள் நுழைந்துவிட்டது என்பதும், அதற்கு ஒரு பதிலும் கிடைத்திருந்தது என்பதும், சில ஆண்டுகளிலேயே அந்தப் பதில் மாறிப்போனது என்பதும் தெரிந்தன. அந்த மாற்றத்தின் நடுவில் நின்றவர் ஜான் ரிங்லிங். சர்க்கஸைத் தொடங்கிய ஐந்து சகோதரர்களில் கடைசியாக உயிருடன் இருந்தவர்.

ஜெர்மனியின் ஹனோவர் பகுதியிலிருந்து குடியேறிய தந்தை, குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. ரூங்கலிங் என்ற குடும்பப் பெயரே அமெரிக்க நாக்கில் ரிங்லிங் ஆனது. ஏழு ஆண் பிள்ளைகள், ஒரு பெண். ஆறாவது மகனாக 1866 மே 31இல், அயோவா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள மெக்ரிகர் என்ற சிற்றூரில் ஜான் பிறந்தார். வேலை தேடித் தந்தை ஊர் ஊராக மாறிக்கொண்டிருந்ததால், கூடாரம் போடுவதற்கு முன்பே அது ஒரு பயணக் குடும்பமாகத்தான் இருந்தது.

ஆற்று வழியே படகில் வந்து இறங்கிய டான் ரைஸின் சர்க்கஸை மெக்ரிகரில் பார்த்த நாளிலிருந்து மூத்தவரான ஆல்பர்ட்டுக்கு அதே பித்து. கலப்பையைத் தூக்கி மோவாயில் நிறுத்திக் காட்டும் அளவுக்கு அவர் பயிற்சி பெற்றார். தம்பிகளையும் சேர்த்துக்கொண்டு 1882இல் விஸ்கான்சின் மாநிலத்துச் சிற்றூர்களில் பாட்டும் நகைச்சுவையும் கலந்த நிகழ்ச்சிகளை நடத்தினார். ஜானுக்குக் கோமாளி வேடம். அந்த வருவாயைச் சேர்த்துவைத்து, 1884 மே 19இல் பராபூ என்ற ஊரில் முதல் சர்க்கஸ் கூடாரத்தை எழுப்பினார்கள். பெயர் தெரிந்த ஒருவர் வேண்டும் என்பதற்காக யாங்கி ராபின்சன் என்ற முதிய சர்க்கஸ்காரரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பருவம் முடிவதற்குள் அவர் காலமானார். ஜானுக்கு அப்போது பதினெட்டு வயது.

ஆல்பர்ட், ஓட்டோ, ஆல்ஃபிரட், சார்லஸ், ஜான் ஆகிய ஐவருக்கும் சம பங்கு. மேடை ஆல்பர்ட்டின் பொறுப்பு, பணப்பெட்டி ஓட்டோவுடையது, விளம்பரமும் செய்தியும் ஆல்ஃபிரட்டுக்கும் சார்லஸுக்கும் உரியவை. கோமாளி வேடத்தைக் கலைத்துவிட்டு ஜான் ஏற்றுக்கொண்டது பயணப் பாதை. எந்த ஊரில் எப்போது அறுவடை, எந்தத் தொழிற்சாலையில் எந்த நாளில் சம்பளம், எந்த ரயில் நிறுவனத்தின் தண்டவாளம் எங்கே முடிகிறது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தன. கையில் காசில்லாத ஊரில் கூடாரம் போட்டால் ஒரு நாள் நட்டம். அடுத்தடுத்து அப்படி நான்கு ஊர்கள் அமைந்துவிட்டால் சர்க்கஸே காலி. 1888இல் முதல் யானைகள் வந்தன. 1890இல் குதிரை வண்டிகளை விட்டுவிட்டு ரயிலேறினார்கள். ரயில் வந்த பிறகு ஜானின் நினைவாற்றலே சர்க்கஸின் முதலீடு ஆகிவிட்டது எனலாம்.

அன்றைய அமெரிக்க சர்க்கஸ்களின் உண்மையான வருவாய் பல நேரங்களில் நுழைவுச் சீட்டில் இல்லை. கூடாரத்துக்கு வெளியே ஜேப்படித் திருடர்கள், சீட்டாட்டத்தில் கிராமத்தாரை மொட்டையடிப்பவர்கள், சில்லறை எண்ணித் தரும்போதே இரண்டு நாணயங்களைக் கையில் மறைத்துக்கொள்பவர்கள் திரிவார்கள். அவர்களிடம் பங்கு வாங்கிக்கொண்டு சர்க்கஸ் முதலாளிகள் கண்ணை மூடிக்கொள்வது தொழில் வழக்கம். ரிங்லிங் சகோதரர்கள் இதைத் தங்கள் கூடாரத்தில் அனுமதிக்கவில்லை. ஞாயிறு வேதபாடப் பள்ளி என்று மற்ற சர்க்கஸ்காரர்கள் அவர்களைக் கேலி செய்தார்கள். ஆனால் குழந்தைகளை அழைத்துக்கொண்டு பயமின்றிப் போகக்கூடிய சர்க்கஸ் என்ற பெயர் நிலைத்தது. ஒருமுறை கூடாரம் போட்ட ஊருக்கே மறு ஆண்டும் அவர்களால் போக முடிந்தது. ஏமாற்றிப் பிழைத்தவர்களுக்கு அந்த வசதி இல்லை.

இந்த நேர்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அது நுழைவுச் சீட்டு வாங்கியவருக்கு மட்டுமே உரிய நேர்மையாக இருந்தது. மேடையில் நிறுத்தப்பட்டவர்களுக்கும், கூண்டில் அடைக்கப்பட்டவற்றுக்கும் அது எந்த அளவுக்கு நீண்டது என்ற கேள்வி பின்னால்தான் வந்தது.

பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸை நடத்திவந்த ஜேம்ஸ் பெய்லி 1906இல் காலமானார். மறு ஆண்டு ரிங்லிங் சகோதரர்கள் அந்தப் பெரும் நிறுவனத்தைச் சுமார் 4 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். சேணம் தைத்தவரின் மகன்கள், உலகிலேயே பெரிய சர்க்கஸ் என்று பெயர்பெற்றிருந்ததை விலைக்கு வாங்கியது அன்று பெரும் செய்தி. முதல் உலகப் போர்க் காலம் வரை இரண்டையும் தனித்தனியே நடத்தி, 1919இல் ஒன்றாக்கினார்கள்.

அதற்குள் சகோதரர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். 1911இல் ஓட்டோ. 1916இல் ஆல்பர்ட். பிற்பாடு வந்து சேர்ந்த தம்பி ஹென்றி 1918இல். இணைந்த சர்க்கஸ் முதல் ஆண்டை முடித்த அதே 1919இல் ஆல்ஃபிரட். சார்லஸும் ஜானும் மட்டும் எஞ்சினார்கள். இருவருக்கும் இடையே அன்பும் இருந்தது, போட்டியும் இருந்தது. ஃபுளோரிடாவின் சரசோட்டா நகரில் கடலைப் பார்த்தபடி அடுத்தடுத்த மனைகளில் இருவரும் மாளிகை கட்டினார்கள். ஜானின் மாளிகை, வெனிஸ் நகரத்து அரண்மனைகளின் சாயலில் 1926இல் எழுந்தது. அதற்கு வெனிஸ் வட்டார வழக்கில் ஜானின் வீடு என்று பொருள்படும் கா டிசான் என்ற பெயரைச் சூட்டினார்.

1925ஆம் ஆண்டு இந்த இடத்தில்தான் வருகிறது. அப்போது ஜான், அமெரிக்காவின் பெருஞ்செல்வர்களில் ஒருவர். எண்ணெய், ரயில், நிலம் எனப் பலவற்றில் அவருக்கு முதலீடு இருந்தது. அந்த ஏப்ரலில் டைம் இதழின் அட்டையில் அவர் படம் வெளிவந்தது. அதே ஆண்டு, சிங்கம், புலி போன்ற கொடிய விலங்குகளின் வித்தைகளை சர்க்கஸிலிருந்து நீக்குவதாகச் சகோதரர்கள் அறிவித்தார்கள்.

அதன் பின்னணியில் ஒரு நாவலாசிரியர் இருக்கிறார். ஜாக் லண்டன் இறந்த பிறகு 1917இல் வெளிவந்த அவருடைய நாவல் ஒன்று, வித்தைக்குப் பழக்கப்படும் விலங்குகள் திரைக்குப் பின்னால் படும் சித்திரவதையைச் சொன்னது. அதைப் படித்தவர்கள் மறு ஆண்டே பாஸ்டனில் அவர் பெயரால் ஒரு சங்கம் தொடங்கினார்கள். உறுப்பினராகச் சந்தா கிடையாது. விலங்கு வித்தை தொடங்கியதும் எழுந்து வெளியே போய்விட வேண்டும், அவ்வளவுதான். லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். முழக்கம் இல்லை, மறியல் இல்லை. நாடக அரங்கில் நாற்காலிகள் மெல்லக் காலியாவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் முதலாளியின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

சகோதரர்கள் கருணையினால்தான் புலிகளை நீக்கினார்களா? முழுமையாக அப்படிச் சொல்ல இயலாது. கூண்டுகளை அரங்குக்குள் கொண்டுவருவதும் எடுத்துச்செல்வதும் நேரத்தைத் தின்றது. குழந்தைகளுடன் வந்த பெற்றோர் அஞ்சினார்கள். விலங்கு தப்பினால் வழக்கு வரும். யானைகளும் குதிரைகளும் கடல் சிங்கங்களும் தொடர்ந்து வித்தை காட்டிக்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் உலகின் மிகப் பெரிய சர்க்கஸ், அதன் புகழ் உச்சியில் இருந்தபோது, புலியில்லாமலேயே நடந்தது. கூட்டம் குறையவும் இல்லை. விலங்கு வித்தை இல்லாவிட்டால் சர்க்கஸே இல்லை என்று பிற்காலத்தில் வாதிட்டவர்கள் இந்த ஐந்தாறு ஆண்டுகளை ஏன் மறந்தார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

புலிகளுக்குப் பயிற்சி தந்த மேபல் ஸ்டார்க் என்ற பெண்மணி அந்த முடிவால் தம் வேலையை இழந்தார். ஒப்பந்தம் இருந்ததால் சிறிது காலம் குதிரை ஏறினார். பிறகு வேறு சர்க்கஸுக்குப் போய் மீண்டும் புலிகளுடன் நின்றார். 1928இல் அந்தப் புலிகளே அவரைக் கடுமையாகக் கடித்துக் குதறின. உயிர் பிழைத்து, திரும்பவும் கூண்டுக்குள் போனார். இவருடைய வாழ்க்கை தனியே எழுதப்பட வேண்டியது.

1926 டிசம்பரில் சார்லஸ் காலமானார். அறுபது வயதில் ஜான் தனியானார். சார்லஸின் பங்கு அவர் மனைவியிடமும், ஆல்ஃபிரட்டின் பங்கு அவர் மகனிடமும் இருந்தன. சட்டப்படி மூவரும் கூட்டாளிகள். ஆனால் அண்ணன்களோடு உட்கார்ந்து பேசி முடிவெடுத்த பழக்கம் அவர்களோடு போய்விட்டது. இனி ஜான் எடுப்பதே முடிவு. குளிர்கால முகாமை 1927இல் சரசோட்டாவுக்கு மாற்றினார். தீவுகளை வாங்கி, பாலம் அமைத்து, மனை பிரித்தார். ஐரோப்பாவுக்குப் போகும்போதெல்லாம் புதிய வித்தைக்காரர்களையும் பழைய ஓவியங்களையும் தேடினார். ரூபென்ஸ் வரைந்த பிரமாண்டமான நான்கு ஓவியங்களை, இங்கிலாந்துப் பிரபு ஒருவரின் குடும்பத்திடமிருந்து வாங்கினார். மாளிகையின் அருகிலேயே அவற்றுக்கென ஓர் அருங்காட்சியகம் எழுப்பத் தொடங்கினார். சர்க்கஸ்காரருக்கு ஓவியம் எதற்கு என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. பரோக் ஓவியங்களை யாரும் பெரிதாக மதிக்காத காலத்தில் அவர் மதித்தார் என்பதைக் கலை வரலாற்றாசிரியர்கள் பின்னர் ஒப்புக்கொண்டார்கள். பெரிய அளவு, பளிச்சிடும் நிறம், முறுக்கேறிய உடல்கள்: கூடாரத்தில் வாழ்ந்த கண்ணுக்கு அவை பிடித்துப்போனதில் வியப்பில்லை.

1929 ஜூனில் மனைவி மேபல் காலமானார். ஓஹியோ கிராமத்து எளிய குடும்பத்துப் பெண். 1905இல் மணந்ததிலிருந்து ஜானைச் சற்றேனும் நிதானப்படுத்தியவர் அவர் ஒருவரே. மூன்று மாதங்களில் ஜான் தம் வாழ்நாளின் மிகப் பெரிய பிழையைச் செய்தார்.

நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில்தான் ஒவ்வோர் ஆண்டும் ரிங்லிங் பருவம் தொடங்கும். அந்த அரங்கின் நிர்வாகத்தில் ஜானுக்கே பங்கு இருந்தது. குத்துச்சண்டைக்காக வெள்ளிக்கிழமை இரவுகளை விட்டுத் தர வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. ஜான் மறுத்தார். உடனே நிர்வாகம், ஐந்து சர்க்கஸ்களை நடத்திவந்த அமெரிக்கன் சர்க்கஸ் கார்ப்பரேஷன் என்ற போட்டி நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. ஒரு வெள்ளிக்கிழமையை விட்டுக் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். ஜான் அந்தப் போட்டி நிறுவனத்தையே, அதன் ஐந்து சர்க்கஸ்களோடும் வாங்கினார். 17 லட்சம் டாலருக்குக் குறையாத விலை, பெரும்பகுதி கடன். கூட்டாளிகளைக் கேட்கவில்லை. செப்டம்பரில் கையெழுத்திட்டார், அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது.

ஓட்டோ உயிருடன் இருந்திருந்தால் பணப்பெட்டியின் மேல் கை வைத்துக் கொஞ்சம் பொறு என்று சொல்லியிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஐவரில் ஒவ்வொருவருக்கும் இன்னொருவர் தடையாக இருந்ததால்தான் அந்தக் குடும்பம் நாற்பது ஆண்டுகள் தடுமாறாமல் நடந்தது.

வாங்கிய ஐந்து சர்க்கஸ்களிலும் சிங்கங்களும் புலிகளும் இருந்தன. கடன் தலைக்கு மேல் நின்றது. கூட்டத்தை இழுக்க எது கிடைத்தாலும் வேண்டும் என்ற நிலை. 1931இல் கையில் சாட்டையும் நாற்காலியுமாக கிளைட் பீட்டி மாடிசன் ஸ்கொயர் கார்டனில் சிங்கங்களுக்கும் புலிகளுக்கும் நடுவே நின்றார். 1925இன் முடிவு மாறியதை எந்த அறிவிப்பும் சொல்லவில்லை.

விலங்குகளோடு நிற்கவில்லை. 1930இல், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மத்திய ஆப்பிரிக்காவிலிருந்து, உதடுகளில் வட்டத் தட்டுகள் பொருத்திய பெண்களைக் கொண்டுவந்து காட்சிக்கு வைத்தார்கள். அவர்களுடைய உண்மையான இனப் பெயர் கவர்ச்சியாக இல்லை என்று, சர்க்கஸின் விளம்பர அலுவலர் வரைபடத்தைப் பார்த்து உபாங்கி என்ற ஆற்றின் பெயரை அவர்களுக்குச் சூட்டிவிட்டார். காட்டுமிராண்டிகள் என்று சுவரொட்டிகள் கூவின. லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். அந்தப் பெண்களின் சொந்தப் பெயர்களை அன்றைய சுவரொட்டிகளில் தேடிப் பயனில்லை. கூடாரத்துக்கு வெளியே கிராமத்தானின் இரண்டு நாணயங்களைக் காப்பாற்றிய அதே குடும்பம், கூடாரத்துக்கு உள்ளே ஒரு சமூகத்தின் பெயரையே எடுத்துக்கொண்டது. ஜான் ரிங்லிங்கின் வாழ்க்கையில் எனக்கு உறுத்தலாக இருப்பது கடன் அல்ல, இதுதான். அக்காலத்தில் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள் என்று சொல்லலாம். ஆனால் எல்லோரும் ஜேப்படித் திருடர்களிடம் பங்கு வாங்கிய காலத்தில் வாங்க மறுத்தவர்கள் அவர்கள். எல்லோரும் செய்ததைச் செய்யாமல் இருக்கத் தெரிந்தவர்கள்.

1932இல் வட்டி கட்ட இயலவில்லை. உடல்நலமும் கெட்டது. கடன் கொடுத்தவர்கள் நிர்வாகத்தைக் கைப்பற்றி, சாமுவேல் கம்பர்ட்ஸ் என்பவரைப் பொறுப்பில் அமர்த்தினார்கள். குடும்பத்தின் மற்ற இரு பங்குகளும் அப்போது அண்ணன் சார்லஸின் மனைவியிடமும், ஆல்ஃபிரட்டின் மருமகளிடமும் இருந்தன. அவர்கள் ஜானின் பக்கம் நிற்கவில்லை. கேட்காமல் கடன் வாங்கியவருக்காக அவர்கள் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்டால் அதிலும் நியாயம் உண்டு. பெயரளவில் தலைவராக இருந்தார். தம் பெயர் எழுதிய ரயில், தம்மைக் கேட்காமல் ஊர் ஊராகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1930இல் செய்துகொண்ட இரண்டாவது திருமணமும் நீதிமன்றத்தில் முடிந்தது.

இவ்வளவு நெருக்கடியிலும் ஓவியங்களில் கை வைக்கவில்லை என்பதுதான் வியப்பு. ஒரு ரூபென்ஸை விற்றிருந்தாலும் சில கடன்களை அடைத்திருக்கலாம். மாளிகை ஏலத்துக்கு வரவிருந்த நிலையில், 1936 டிசம்பர் 2இல் நியூயார்க்கில் நுரையீரல் அழற்சியால் காலமானார். வங்கிக் கணக்கில் இருந்தது 311 டாலர். சொத்துகளை மதிப்பிட்டபோது இரண்டு கோடி டாலரைத் தாண்டியது.

அருங்காட்சியகத்தையும் மாளிகையையும் ஃபுளோரிடா மாநில மக்களுக்கு எழுதிவைத்திருந்தார். கடைசி ஆண்டுகளில் தங்கை ஐடாவின் குடும்பத்தோடு ஏற்பட்ட மனக்கசப்பில், உயிலுக்கு ஒரு பிற்சேர்க்கை எழுதி அவர்களுக்கு எதுவும் கிடைக்காமல் செய்தார். ஆனால் உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் முன்பே எழுதியிருந்த ஐடாவின் பெயரையும் அவர் மகன் ஜான் ரிங்லிங் நார்த்தின் பெயரையும் நீக்க மறந்துவிட்டார். ஒரு காசு கிடைக்காதவர்களின் கையிலேயே சாவிக்கொத்து போய்ச் சேர்ந்தது. பத்தாண்டுகள் வழக்கு நடந்து, 1946இல்தான் அருங்காட்சியகம் மாநிலத்தின் கைக்கு வந்தது. இதற்கிடையில் கடனை அடைத்து சர்க்கஸை மீட்டவரும் அந்தத் தங்கை மகன்தான். அவர் குடும்பத்துக்குள் நிகழ்ந்த அடுத்த சண்டைகளும், 1944இல் ஹார்ட்ஃபோர்டு நகரில் கூடாரம் தீப்பற்றி 160க்கும் மேற்பட்டோர் மாண்ட கொடுமையும் வேறொரு கட்டுரைக்கு உரியவை. 1956இல் கூடாரத்தைக் கைவிட்டு நிலையான அரங்குகளுக்குப் போனார்கள். 1967இல் சர்க்கஸ் குடும்பத்தை விட்டே போய்விட்டது.

சரசோட்டாவில் அந்த அருங்காட்சியகம் இன்றும் இருக்கிறது. ரூபென்ஸின் ஓவியங்களும் அங்கேயே இருக்கின்றன. அதே வளாகத்தில் சர்க்கஸுக்கும் தனியே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அது ஜான் அமைத்ததல்ல. தாம் வாழ்ந்த தொழிலுக்கு அவர் அங்கே ஓர் அறைகூட ஒதுக்கவில்லை. அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் பிறர் தொடங்கியது அது.

ஜான், மேபல் இருவரின் உடல்களும் நெடுங்காலம் நியூஜெர்சியில் தற்காலிகமாக வைக்கப்பட்டிருந்தன. எங்கே அடக்கம் செய்வது என்பதிலும் குடும்பத்துக்குள் இழுபறி. அவர் இறந்து ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1991இல்தான் கா டிசான் மாளிகைக்கு அருகே, மேபல் வளர்த்த தோட்டத்தின் பக்கத்தில் இருவரையும் அடக்கம் செய்தார்கள். தங்கை ஐடாவின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.